பூப்போட்ட நெட் திரை

ஐப்பசி பிறந்ததும் பிறக்காததுமாகக் கதவு காலை வாரிவிட்டது. விடாத மழையில் ஊறி உப்பி, முக்கால்வாசி மூடும்; அதற்கு மேல் தரையைக் கவ்விக்கொண்டு நகர மறுக்கும். இழைத்துத் தரச் சொல்லி ஆசாரியைக் கூப்பிட்டால் "இந்தா வந்துட்டேம்மா" என்பார். அந்த ‘இந்தா’ வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. வேறு வீடாக இருந்தால் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். செம்மொழியின் வீட்டில் அந்தக் கதவை நம்பி ஓர் உயிர் இருந்தது.

அவள் கணவன் பரிதிதான் அது. வலங்கைமான் சுற்றுவட்டாரத்தில் அறுவடை மெஷின் ஓட்டியவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் தஞ்சாவூருக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள அலைந்தான். வயலில் மெஷினை மேய்த்தவனுக்கு ஆஸ்பத்திரி மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. படுத்த கொஞ்ச நேரத்தில் பிரஷர் இறங்கிக் கண் சொருகிவிடும். ஒருமுறை நாடியே பிடிபடாமல் நர்ஸுகள் ஓடியதைச் செம்மொழி வாசலில் நின்று பார்த்தாள். அதற்குப் பிறகுதான் டாக்டர் வேறு வழி சொன்னார். வயிற்றில் ஒரு மெல்லிய குழாய். அதன் வழியாக மருந்துத் தண்ணீரை உள்ளே விட வேண்டும். சில மணி நேரம் கழித்துக் கழிவோடு வெளியே எடுத்துவிட்டுப் புதுப் பையை ஏற்ற வேண்டும். வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஒரே நிபந்தனை, சுத்தம். குழாயின் மூடியைக் கழற்றும்போதும் திரும்பப் போடும்போதும் தூசியோ பூச்சியோ அண்டிவிட்டால் கிருமி நேரே வயிற்றுக்குள் போய்விடும்.

இடம் பார்க்க வந்த நர்ஸ் வீட்டைச் சுற்றிவந்து, செம்மொழியின் தையல் அறையில் நின்றுகொண்டார். "இதுதான் சரியா இருக்கும்." சாலையைப் பார்த்த அறை, எதிரே வயல். அதுதான் அவள் கடை, அவள் சொந்தக் கையால் சம்பாதித்த இடம். வருத்தம் இல்லாமல் இருக்குமா? இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. தையல் மெஷினைத் தூக்கி அடுப்படியில் போட்டாள், தரைக்கு டைல்ஸ் ஒட்டினாள், மூலையில் ஒரு கைகழுவும் தொட்டி வைத்தாள். கனத்த துணித் திரை தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கூடாது என்றார் நர்ஸ். ஜன்னலையும் கதவையும் மூட வேண்டும். அதோடு நெட் ஒன்று இருந்தால் நல்லது. அடிக்கடி துவைத்து வெயிலில் காயப்போட வேண்டும்.

நெட் துணி அவளிடம் இருந்தது. அதிராம்பட்டினத்தில் அவளுடைய வாடிக்கைக்காரர் ஜஸீலா கட்டிய புது வீட்டுக்கு ஜன்னல் திரை எல்லாம் இவள்தான் தைத்தாள். மிஞ்சியதை ஜஸீலா சுருட்டி இவள் கையிலேயே திணித்துவிட்டார். நெருக்கமான கண்ணி, பால் வெள்ளை, வெள்ளை நூலிலேயே பூ. நெட் தைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஊசிக்கடியில் வழுக்கும், இழுபடும், சுருங்கும். அடியில் பழைய செய்தித்தாளை வைத்துச் சேர்த்துத் தைத்து, அப்புறம் தாளைக் கிழித்தெடுக்க வேண்டும். அப்படி ஜன்னலுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று தைத்து, சும்மா இருக்காமல் மேலே ஃப்ரில் வேறு வைத்தாள்.

"டயாலிசிஸ் ரூமுக்கு ஃப்ரில்லா? எனக்கென்ன வளைகாப்பா?" என்றான் பரிதி.

"நீங்க ஆஸ்பத்திரிலயா இருக்கீங்க? வீட்டுலதானே இருக்கீங்க. அப்ப பூவும் இருக்கும், ஃப்ரில்லும் இருக்கும்."

அந்தப் பூவுக்கு ஒரு வேலையும் வந்து சேர்ந்தது. வெளியே எடுத்த தண்ணீர் தெளிவாக இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். கலங்கியிருந்தால் கிருமி. பைக்குப் பின்னால் அச்சடித்த தாளை வைத்து எழுத்து தெரிகிறதா பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். செம்மொழி தாளைத் தேடவில்லை. காலை வெளிச்சத்தில் பையை ஜன்னல் திரையோடு சேர்த்துப் பிடிப்பாள். தண்ணீருக்குள் பூ தெரிந்தால் அன்றைக்கு உலை வைக்கலாம், தைக்கலாம், புருஷனோடு சண்டையும் போடலாம்.

ஆடியில் ஒரு காலை பூ தெரியவில்லை. பை நிறையக் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்குள் பரிதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டான். பிழைத்து வந்ததே பெரிது. "இன்னொரு தடவை இப்படி ஆனா குழாய எடுத்துடணும்மா. பழையபடி மெஷின்தான்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மெஷின் என்றால் என்ன என்று அந்த இரண்டு பேருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதில் செம்மொழி யாரிடமும் சொல்லாமல் உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருந்த சங்கதி ஒன்று உண்டு. பை கலங்குவதற்கு முந்தின நாள் பரிதியின் அக்கா கண்ணாத்தாள் வந்திருந்தாள். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டே நடவுக்குப் போனவள், கைக்காரி, வாய்க்காரி. தம்பி பிழைத்து எழுந்தால் பங்குனியில் பாடைக் காவடி எடுத்து, செத்தவனைப் போலப் பாடையில் படுத்துக் கோயிலைச் சுற்றி வருவான் என்று வலங்கைமான் மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். அன்று கோயில் திருநீற்றைக் கொண்டுவந்து தம்பியின் நெற்றியில் பூசினாள், கண்ணீர் விட்டாள், சட்டையைத் தூக்கி வயிற்றிலும் பூசினாள், குழாய் வெளியே வருகிற இடத்துக்குப் பக்கத்தில்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் செம்மொழி கறாராகிவிட்டாள். பை மாற்றும் நேரத்தில் ஈ காக்கை உள்ளே வரக்கூடாது. கண்ணாத்தாள் வந்தபோதெல்லாம் திரைக்கு வெளியே ஸ்டூலைப் போட்டாள். பகலில் அந்தத் திரை வெளியே இருப்பவருக்கு எதையும் காட்டாது. வெள்ளையாக ஒரு மறைப்பு, அதற்குள்ளிருந்து தம்பியின் குரல், அவ்வளவுதான். கண்ணாத்தாள் அந்தத் துணியைப் பார்த்துப் பேசிவிட்டு பஸ் ஏறுவாள். "எந் தம்பிய வலையில போட்டு வச்சிருக்கா" என்று உறவெல்லாம் சொல்லிவைத்தாள். செம்மொழியின் காதுக்கும் அது வந்தது. வராமல் விடுவார்களா?

ஐப்பசியில் குறுவை அறுப்பு மும்முரமாக இருந்த சமயம். எதிர் வயலில் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் பரிதி பேச்சை நிறுத்திவிடுவான். அறுத்த வயலிலிருந்து தத்துப்பூச்சி கிளம்பும், பச்சையாக, எள்ளளவில். விளக்கைக் கண்டால் கூட்டம் கூட்டமாக வந்து மொய்க்கும்; சோற்றில் விழும், சட்டைக்குள் புகுந்து சுருக்கென்று கடிக்கும். ஊரே விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருக்கும். அதனால் செம்மொழி சாயங்காலப் பையைப் பொழுதிருக்கும்போதே முடித்துவிடுவாள். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தாள். பழைய தண்ணீர் இறங்கி, புதுப் பை பாதி ஏறும்போது மேகம் கவிந்து திடுமென்று இருட்டிவிட்டது. டியூப்லைட்டைப் போட்டே ஆக வேண்டியதாயிற்று. இனிக் குழாயைக் கழற்றி மூடி போட வேண்டும். அதுதான் ஆபத்தான வேலை; அதை இருட்டில் தடவிக்கொண்டு செய்ய முடியாது.

மழையில் உப்பிய வாசல் கதவு முக்கால்வாசிதான் மூடியிருந்தது. மீதி இடைவெளிக்கு, நிலைக்கு வெளிப்பக்கம் தொங்கிய திரைதான் காவல். பச்சைப் பூச்சிகள் அதன்மேல் அப்பிக்கொள்ள ஆரம்பித்தன.

"பரிதி..." என்று வாசலில் குரல் கேட்டது.

செம்மொழி குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அண்ணி, அங்கயே நில்லுங்க! பை ஏறிக்கிட்டிருக்கு."

"நிக்கிறேன், நிக்கிறேன். எத்தன நாளைக்கு நிக்கிறது? கோயிலுக்குப் போயிட்டு வாரேன். நெத்தியில ஒரு பொட்டுத் துண்ணூறு வச்சிட்டுப் போயிடுறேன்."

"முடியட்டும் அண்ணி. நானே கூப்புடுறேன்."

"எட்ட நில்லு, எட்ட நில்லுன்னு ஊரான் சொன்ன காலமெல்லாம் பாத்தவ நான். இப்ப நீ சொல்றியா? எந் தம்பிகிட்ட போவ எனக்கு உங்கிட்ட உத்தரவு வாங்கணுமா?"

"அக்கா, கொஞ்சம் பொறுக்கா" என்றான் பரிதி. முகக்கவசத்துக்குள்ளிருந்து அது முனகலாகத்தான் வந்தது. வயிற்றில் குழாய் மாட்டியிருக்க, அவனால் எழ முடியாது.

வெளியே நின்ற உருவம் குனிந்தது. ஒரு கை திரையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கியது. விரலெல்லாம் திருநீறு.

"கைய எடுங்க!" செம்மொழி கத்திவிட்டாள். "ஆடியில நீங்க பூசுன துண்ணூறுதான் இவரக் கொண்டுபோய் ஆஸ்பத்திரில போட்டுச்சு. இன்னொரு தடவ ஆனா இவரு நமக்கு இல்ல. தெரியுமா ஒங்களுக்கு?"

"செம்மொழி!" என்றான் பரிதி.

சொல்லியிருக்கக் கூடாது. அது நிஜமா என்று அவளுக்கே தெரியாது. டாக்டர்கூட இன்னதால் வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் வாயை விட்டுப் போய்விட்டது. ஓரத்தைப் பிடித்திருந்த கை திரையை விட்டது. வெளியே சத்தமே இல்லை. போய்விட்டாள் என்றுதான் செம்மொழி நினைத்தாள். நினைத்து வெட்கப்படக்கூட நேரமில்லை, பை ஏறி முடிந்திருந்தது.

கையைக் கழுவிக்கொண்டு திரும்பினாள். அப்போது பார்த்துக் காற்று அடித்தது, மழைக்கு முன்னால் வருகிற காற்று. திரை பொம்மென்று உப்பி எழுந்தது. தரைத் தூசியைக் கூட்டக்கூடாதென்று ஒரு விரல் உயரம் விட்டுத் தைத்திருந்தாள். மெல்லிய ஓரம், கனமே இல்லை. அழகாக இருக்கிறது என்று தன்னையே மெச்சிக்கொண்ட ஓரம் இப்போது மேலே பறக்க, அடியில் பூச்சி கொத்துக் கொத்தாக உள்ளே வந்தது. டியூப்லைட்டைச் சுற்றியது. ஒன்று பரிதியின் லுங்கியில், குழாய்க்குச் சாண் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. தட்டிவிட்டால் கழுவிய கை வீண். தட்டாவிட்டால் அது எங்கே தத்தும்? பரிதி மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தான். அவன் கண்ணில் இருந்த பயத்தைச் செம்மொழி ஆஸ்பத்திரி மெஷினில் அவன் படுத்திருந்தபோதுதான் பார்த்திருக்கிறாள்.

பூச்சி சுவருக்குத் தாவியது. திரை மறுபடி எழுந்தது. இப்படியே போனால் குழாயைக் கழற்றவே முடியாது.

சட்டென்று திரை அடங்கியது.

காற்று நிற்கவில்லை, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துகொண்டுதான் இருந்தது. செம்மொழி கீழே பார்த்தாள். வாசற்படியில் கண்ணாத்தாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். திரையின் ஓரத்தை ஒரு முனையிலிருந்து தொடைக்கடியில் போட்டு அமுக்கி, எட்டாத பக்கத்தை இரண்டு உள்ளங்கையாலும் நிலையோடு அழுத்திக்கொண்டிருந்தாள். முகம் உள்பக்கம் திரும்பியிருந்தது. வெளியே இருட்டு, உள்ளே விளக்கு. பகலில் ஒன்றும் காட்டாத திரை இப்போது எல்லாவற்றையும் அவளுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. தம்பியின் வயிறு, அதில் குழாய், கொக்கியில் தொங்கிய காலிப் பை, கீழே நிறைந்த பை, முழங்கைவரை கழுவிய கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி. எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

உள்ளே வர முடியாத பூச்சியெல்லாம் அவள்மேல் இறங்கியிருந்தது. நெற்றியில், கழுத்தில், கண்ணிமையில். இரண்டு கையும் திரையில் இருந்ததால் தட்டிவிட வழியில்லை. வாய்க்குள் போய்விடாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"நீ வேலையப் பாரு."

செம்மொழி உள்ளே வந்த பூச்சியெல்லாம் விளக்கில் போய் ஒட்டும்வரை காத்திருந்தாள். மறுபடி கை கழுவினாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. குழாயைக் கழற்றினாள், புது மூடியைத் திருகினாள். "ஆச்சு" என்றாள். விளக்கை அணைத்த பிறகுதான் கண்ணாத்தாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆச்சுதான். ஆனால் கிருமி போயிருந்தால் உடனே தெரியாது. அடுத்த நாளோ, அதற்கடுத்த நாளோ பையில்தான் தெரியும். கண்ணாத்தாள் ஊருக்குக் கிளம்பவில்லை. அடுப்படியில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் முடங்கிக்கொண்டாள். செம்மொழிக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது. பை கலங்கினால் கேட்டு என்ன பயன் என்றும் இருந்தது. மறுநாள் தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. பயம் போகவில்லை, ஆடியிலும் கலங்குவதற்கு முந்தின நாள் இப்படித் தெளிவாகத்தான் இருந்தது. அன்று திரையின் ஓரத்தைப் பிரித்து, தரைவரை எட்டும்படி ஒரு பட்டையை ஒட்டுப்போட்டு மடித்து, உள்ளே ஆற்று மணலைத் துணிக்குழலில் அடைத்துத் தைத்தாள். கண்ணாத்தாள் மணலைக் கழுவிக் காயவைத்துத் தந்தாள்.

அதற்கடுத்த காலை. பையை எடுத்தவளுக்கு அதைத் தூக்கிப் பார்க்கத் துணிவில்லை. பரிதி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே கண்ணாத்தாள் திரையைப் பார்த்தபடி நின்றாள். வெயிலில் நிற்பவளுக்கு வெறும் வெள்ளைதான் தெரியும்.

"பூ தெரியுதா?"

செம்மொழி பையைத் தூக்கித் திரையோடு சேர்த்தாள். பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"சொல்லேண்டி. தெரியுதா, இல்லியா?"

"உள்ள வாங்க அண்ணி. கையக் கழுவிட்டு வாங்க. நீங்களே பாருங்க."

கண்ணாத்தாள் கழுவினாள். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. அன்று திரை வழியாகப் பார்த்தபடியே, முழங்கைவரை. சொட்டச் சொட்டக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, பைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். தண்ணீருக்குள் ஒவ்வொரு இதழும் தனித்தனியாகத் தெரிந்தது.

"தெரியுது" என்றாள். "எல்லாப் பூவும் தெரியுது, பரிதி."

தம்பியைத் தொடவில்லை. வெளியே போய், திரையின் ஓரம் தரையில் படிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்த செம்மொழியை வாசலில் நிறுத்தி, இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்தாள்.

"அவனுக்கு வேணாம்" என்று சொல்லி, திருநீற்றை அள்ளிச் செம்மொழியின் நெற்றி நிறையப் பூசினாள்.

மதியப் பைக்கு முன்னால் முகத்தையும் கையையும் கழுவ வேண்டும். அதுவரை இருக்கட்டும் என்று செம்மொழி விட்டுவிட்டாள்.