பூஞ்சை மேல் கட்டிய பந்தயம்

மணிமங்கலத்துக் காமாட்சியம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால்தான் மகன் ஜெகதீஷிடம் மாட்டிக்கொண்டாள்.

புருஷன் போன பிறகு, கேண்டீன் வேலைக்கும் போய்க்கொண்டு அவள் ஒற்றையாளாய் விதைத்துவந்த கொல்லை அது, வானம் பார்த்த பூமி. மூன்று வருஷமாகக் கடலை பொக்கை. லாரி நிறுத்த வாடகைக்கு விட்டுவிடலாம் என்று ஜெகதீஷ் நச்சரித்துக்கொண்டிருந்த நேரத்தில், மாடியில் குடியிருந்து கம்பெனி வேலைக்குப் போகும் மாரிசெல்வி சொந்த ஊரான கோவில்பட்டியிலிருந்து ஒரு பை வேர்ப் பூஞ்சையோடு வந்து இறங்கினாள். பார்க்க வெறும் மண்.

"பூஞ்சைன்னா ஊறுகாய்ல பூக்குமே, அதுவா?"

"இது நல்லது எக்கா. வெதைக்கு அடியில போட்டா வேரோட சேந்து நூல் நூலா ஓடி, தூரத்து ஈரத்தயும் சத்தயும் இழுத்துட்டு வரும்."

"உங்க கம்பெனி வயரு மாரியா?"

"அதே மாதிரிதான்."

காமாட்சியம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. "பூஞ்சை போட்ட பக்கம் நல்லா காய்க்கலன்னா கொல்லிய லாரிக்கு வுட்டுக்கோடா" என்று மகனிடம் சொல்லியே விட்டாள்.

பாதிக் கொல்லையில் பூஞ்சை போட்டார்கள். அடையாளத்துக்கு மாரிசெல்வி அந்தப் பக்கம் பச்சைச் சீட்டும், போடாத பக்கம் சிவப்புச் சீட்டும் குச்சியில் கட்டிவைத்தாள். ஆவணியில் இருபது நாள் பொட்டு மழையில்லை.

ஐப்பசியில் ஜெகதீஷ் முன்னால் காமாட்சியம்மாள் பக்கத்துக்கு ஒரு செடி பிடுங்கி எண்ணினாள். சிவப்பில் பதினாலு காய். பச்சையில் பதினஞ்சு.

"ஒரு காய்க்கா இத்தினி ஆட்டம்?" ஜெகதீஷ் லாரிக்காரருக்குப் போன் போட்டான்.

மாரிசெல்வியோடு மாடியில் தங்கியிருக்கும் உலகம்மாள், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள், பதறினாள். "எக்கா, செவப்ப ஏன் பிடுங்குனீய? இப்பதான தேறி வருது."

"தேறி வருதா?"

"எங்க கம்பெனில செவப்புச் சீட்டுன்னா ரீவொர்க்குல்லா, திரும்பச் சரிபண்ண வேண்டிய பீஸு. நீங்க கேண்டீன் வேலைக்குப் போன பெறவு மாடியில மத்த பிள்ளைய நாங்க தெனமும் ஆளுக்கு ரெண்டு கொடம் ஊத்துனோம்."

"பச்சைக்கு?"

"அது ஓக்கே ஆன பீஸு. அதத் தொடவே இல்ல."

காமாட்சியம்மாள் வரப்பில் உட்கார்ந்தாள். சொட்டுத் தண்ணீர் ஊற்றாத பக்கம், குடம் குடமாய்க் குடித்த பக்கத்தை ஜெயித்திருக்கிறது. சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி, முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. உலகம்மாளும் ஏனென்று தெரியாமலே சிரித்தாள்.

"அண்ணே, வேற எடம் பாத்துக்கோங்க" என்று லாரிக்காரரிடம் சொல்லிப் போனை வைத்த ஜெகதீஷ், பச்சைப் பக்கத்துக் காய் ஒன்றை உடைத்து வாயில் போட்டான்.

"துண்ணாதடா," என்றாள், கண்ணைத் துடைத்தபடி. "அது வெதைக்கு."