எண்ணெய் குடிக்காத முடி

அன்றைக்கு என் தலையில் இருந்தது என் முடி இல்லை. மதுரையில் ஆறு மாதம் மருந்து ஏற்றியதில் எல்லாம் கொட்டிப்போய், அப்போதுதான் விரல் அகலத்துக்கு முளைத்திருந்தது. அதன்மேல் கடையில் வாங்கிய நைலான் முடியை மாட்டிக்கொண்டு, அண்ணன் மகன் கல்யாணத்துக்காகச் சின்னமனூர் வந்திருந்தேன்.

எனக்குப் புற்றுநோய் வந்தது வீட்டில் உள்ளவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. என் மகளுக்குப் போடியில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தோம். தாய்க்கு வந்தது மகளுக்கும் வருமோ என்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் வாயைத் திறந்தால் போதும், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அந்தப் பையனின் அம்மாவும் கல்யாணத்துக்கு வருகிறார் என்று காலையில்தான் சொன்னார்கள். மறைக்கிறோமே என்று எனக்கே என்மேல் எரிச்சல். ஆனாலும் மறைத்தேன்.

மாசி மாதத்துக் காய்ந்த காற்றில் முடி என் பேச்சைக் கேட்பதாக இல்லை. வாரும்போதே சடசடவென்று சத்தம். சீப்பை எடுத்தால் அதோடு எழுந்து நின்றது. படிய வைத்தால் கன்னத்தில் ஒட்டியது. பறக்கிற முடிக்கு நமக்குத் தெரிந்த வைத்தியம் தேங்காய் எண்ணெய்தானே, உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்த்தேன். நைலான் எங்கே எண்ணெயைக் குடிக்கும்? உச்சியில் திரிதிரியாய் ஒட்டிக்கொண்டது, நுனி பழையபடி பறந்தது. மழையில் நனைந்த கோழி மாதிரி இருந்தேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அந்தப் போடிப் பையனின் அம்மா என்னைத் தேடி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே என் முடியில் நாலைந்து இழை எழும்பிப்போய் அவர் தோளில் ஒட்டிக்கொண்டன. எடுத்துவிட்டேன். மறுபடியும் போய் ஒட்டின. அவர் பார்த்துவிட்டார். மகளின் படிப்பைப் பற்றி ஏதோ கேட்டார். தலையைத் திருப்பாமலே பதில் சொன்னேன்.

அப்போது பூத்தட்டு வந்தது. அவர் ஒரு முழம் பிச்சிப்பூவை எடுத்து, "திரும்புங்க, நான் வச்சுவிடுறேன்" என்றார். கல்யாண வீட்டில் பூவை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? திரும்பினேன். அவர் கை பின்னந்தலையில் பட்டு அப்படியே நின்றது. போச்சு, என் பிள்ளையின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையை நனைத்து, மேலிருந்து கீழாக ஒரே தடவை தடவினார். முடி அடங்கியது. பிறகு ஹேர்பின்னை, நைலான் முடியைத் தைத்திருந்த உள்வலையின் ஓரத்தில், வலிக்காத இடமாகப் பார்த்துச் செருகினார். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கே ஒரு வாரம் ஆகியிருந்தது.

காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார். "இதுக்கு எண்ணெ ஆகாது மதினி. துணிக்குப் போடுற கண்டிஷனரு ஒரு சொட்டு தண்ணியில விட்டு அலசுங்க. நானும் ரெண்டு வருசம் இந்த மாதிரி முடிதான் வச்சிருந்தேன். எம்மகனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டாகன்னு நாங்களும் வெளிய சொல்லல."