கேரலுக்கு அடுத்த டூட்டி

மகள் ரேடியோ நிலையத்தில் உட்கார்ந்து பேசுவது காதில் விழுந்துகொண்டிருக்கும்போது, கண்ணெதிரே கஞ்சி ஊட்டுகிறவள் அவளாக எப்படி இருக்க முடியும்? மைக்கேல்ராஜின் வழக்கு அவ்வளவுதான். கேரல் அடுத்த ஸ்பூனை நீட்டினாள்.

“சிஸ்டர், கொஞ்சம் சத்தமா வைங்க. என் பொண்ணு பேசறா.”

“நான்தான் டாடி உங்க பொண்ணு.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பொக்கை வாயால் சிரித்தார். “நல்லா ஜோக் அடிக்கறீங்க சிஸ்டர். அப்போ அதோ பேசறாளே, அவ யாரு?”

தலைமாட்டு ரேடியோவில் கேரல், ‘அடுத்து ஒரு திரைப்பாடல்’ என்றாள். கட்டிலோரத்துக் கேரல் கிண்ணத்தின் அடியை ஸ்பூனால் வழித்தாள்.

சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் பின்னால், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் அவர்கள் வீடு. மைக்கேல்ராஜ் பீன்யா தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மகன் க்ளென் டொராண்டோவில். கேரலுக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து அழுததும் இல்லை. மக்கள் பணத்தில் நடக்கிற பொது வானொலியில் தமிழ் அறிவிப்பாளராகச் சேர்ந்தாள். சேர்ந்தாள் என்றால் வேலைக்கு அல்ல, ‘கேஷுவல்’. மாதத்தில் சில டூட்டிகள். கூப்பிட்டால் போக வேண்டும், கூப்பிடாவிட்டால் டியூஷன். ஒவ்வொரு முறையும் நிகழ்ச்சி முடிந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா உள்ளேயிருந்து கேட்பார்: “வந்துட்டியா? அடுத்த டூட்டி எப்போ?” பாதி நாள் அது அவளுக்கே தெரியாது.

ரேடியோ என்றால் மைக்கேல்ராஜுக்குத் தன் சொத்து மாதிரி. அந்தக் காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். தெருவில் பாதிப் பேர் பெட்டியைப் போர்வைக்கடியில் ஒளித்துவைத்தார்கள். அவர் மட்டும் முதல் ஆளாகப் போய்க் கட்டுவார்; கட்டிவிட்டு வந்து, செய்தியில் ஊர்ப்பெயரைத் தப்பாகச் சொன்னால் பெட்டியைப் பார்த்தே திட்டுவார். “என் காசுல பேசறான். நான் கேக்காம வேற யாரு கேப்பா?” பிறகு லைசென்ஸை எடுத்துவிட்டார்கள். ஊரே சந்தோஷப்பட்டது. அவருக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது. “நம்மகிட்ட காசு வாங்காத கடையில, நாளைக்கு நம்ம எப்படிக் கேள்வி கேக்கறது?”

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மதியம், நிகழ்ச்சி அதிகாரி வீணா கேரலைக் கூப்பிட்டாள். “ஸ்டாக் ரெக்கார்டிங் மேடம். அவசரத்துக்கு இருக்கட்டும்.” ஏழு கிழமைக்கும் வணக்கம், பாட்டுக்கு முன்னால் சொல்வது, மழை நாளுக்கு ஒன்று, பண்டிகைக்கு ஒன்று, விடைபெறுவது. கேரல் தன்னை மறந்து பேசினாள். திங்கட்கிழமை வணக்கத்தில் கொஞ்சம் சுறுசுறுப்பு, ஞாயிறு வணக்கத்தில் கொஞ்சம் சோம்பல். வியாழன் வரும்போது பாட்டிலில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. தொண்டை லேசாகக் கம்மியது. ‘பரவால்ல, இயற்கையா இருக்கு’ என்றாள் வீணா.

அதன்பிறகு டூட்டி குறைந்தது. அப்புறம் நின்றே போனது. அவளுக்கு மட்டுமல்ல, அவளைப் போன்ற கேஷுவல்கள் எல்லோருக்கும். காலை, மதியம், மாலை என்று தமிழுக்கு இருந்த எல்லா நேரத்துக்கும் கம்ப்யூட்டர் அவள் குரலையே எடுத்துப் போட்டது. அவள் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே தான் வணக்கம் சொல்வதைக் கேட்டாள்.

இது நடந்துகொண்டிருந்தபோதே மைக்கேல்ராஜுக்கு நினைவு தப்ப ஆரம்பித்தது. எல்லாம் அவிழ்ந்துகொண்டுபோன அந்த மனதில் ஒரு முடிச்சு மட்டும் இறுகி நின்றது: ரேடியோவில் கேரல் விடைபெற வேண்டும், பிறகு பையோடு வாசலில் வர வேண்டும். அப்படி வருகிறவள்தான் மகள். இப்போதோ மகள் காலையில் பேசுகிறாள், மதியம் பேசுகிறாள், மாலையிலும் பேசுகிறாள். “இத்தனை டூட்டி போட்டா புள்ள எப்போதான் வூட்டுக்கு வரும்?” என்று சிஸ்டரிடம் குறைபட்டுக்கொண்டார். பெட்டியை அணைத்தால் கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார்.

வியாழக்கிழமைதான் தாங்காது. “கேட்டீங்களா? தொண்டை கட்டியிருக்கு அவளுக்கு. மிளகுப் பால் போட்டு வைங்க சிஸ்டர், வந்ததும் குடிப்பா.” கேரல் போட்டு வைப்பாள். ஆறிப்போனதும் சமையலறையில் நின்று குடிப்பாள்.

க்ளென் போனில் பேசும்போது, “இன்னிக்கு ஆப்ல உன்னைக் கேட்டேன்டி. நீ தெம்பா பேசினே. அப்போ டாடியும் நல்லாதான் இருக்கார்னு நினைச்சுப்பேன்” என்பான். டொராண்டோவில் காலையில் வேலைக்குப் போகிற ரயிலில் அவனுக்கு அது பெரிய ஆறுதல். பழைய பதிவு என்று சொல்லி அதைக் கெடுப்பானேன் என்று அவள் விட்டுவிட்டாள்.

போன மாதம் காய்ச்சல் வந்து மைக்கேல்ராஜ் பாதியாகிவிட்டார். டாக்டர், “வீட்லயே பாத்துக்கோங்க” என்றார். அன்று மாலை அவர் கேரலின் கையைப் பிடித்தார்.

“சிஸ்டர், கேரல்கிட்ட நான் ஒண்ணு சொல்லணும். எந்நேரமானாலும் சரி, அவ வந்ததும் என்னை எழுப்புங்க.”

“என்கிட்ட சொல்லுங்க டாடி. நான் சொல்றேன்.”

“இல்லை, இல்லை. அது அவகிட்டதான் சொல்லணும்.”

தன் குரலைப் போடுவதை நிறுத்தச் சொல்ல மறுநாளே கேரல் நிலையத்துக்குப் போனாள். நிகழ்ச்சி அறைகள் பாதி பூட்டிக் கிடந்தன. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வீணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“ஏனு மாட்லி மேடம், நான் என்ன பண்ணட்டும்? மேலேருந்து வர்ற பணம் வருஷா வருஷம் குறையுது. நீங்களே விளம்பரம் புடிச்சு சம்பாதிங்கன்றாங்க. இந்த ஊர்ல தமிழ் நிகழ்ச்சிக்கு யாரு விளம்பரம் குடுப்பாங்க? உங்க குரலுக்குச் செலவே இல்லை. அதனாலதான் யாரும் இன்னும் தமிழ் மேல கை வைக்கலை.”

“எடுத்துட்டா?”

“அறிவிக்க ஆள் இல்லைனு எழுதி, நேரத்தை வெளியூர் நிகழ்ச்சிக்குக் குடுத்துடுவாங்க. ஒரு தடவை போனா அது வாபஸ் வராது. நல்லா யோசிங்க மேடம்.”

கேரல் யோசித்தாள். பொம்மசந்திரா ஃபேக்டரிகளில் ஷிப்ட் முடிந்து, அறையில் சோறு வடிக்கும்போது கேட்கிறோம் என்று ஒருகாலத்தில் போன் செய்த பெண்களை நினைத்துக்கொண்டாள். அவர்களுக்கு இனி யார் வணக்கம் சொல்வார்கள்? பிறகு அப்பாவின் பிடி நினைவுக்கு வந்தது. மெலிந்த கைதான், ஆனால் விடவே இல்லை.

“எடுத்துடு வீணா” என்றாள். சொல்லும்போது வீணாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை ரேடியோவில் வேறு ஊர், வேறு பாஷை, வேறு குரல். மைக்கேல்ராஜ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியமும் பார்த்தார். மாலையில் மெதுவாகக் கேட்டார்:

“லைசென்ஸ் கட்டலையா சிஸ்டர்?”

“என்ன டாடி?”

“நான் படுத்துக்கினேன். யாரும் போய்க் கட்டியிருக்க மாட்டீங்க. அதான் என் பொண்ணை நடுவுல நிறுத்திட்டாங்க. போய்ட்டு வரேன்னுகூட சொல்லலை பாருங்க. அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள பேச முடியாம உக்காந்துனு இருப்பா, பாவம்.”

குரலை நிறுத்தினால் மகளாகிவிடலாம் என்று கேரல் நினைத்திருந்தாள். விடைபெறாதவள் எப்படி வீட்டுக்கு வருவாள்?

க்ளென் பதறிப்போய் போன் செய்தான். “ஆப்ல யாரோ பேசறாங்க! உனக்கு என்ன ஆச்சு? டாடிக்கு ஏதாவதா?” அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். “தமிழ் நிகழ்ச்சிக்கு எவ்ளோ ஆகும்னு கேளு. நாங்க நாலு பேர் இங்க சேர்ந்து அனுப்பிடறோம்” என்றான் அவன்.

“நினைச்சப்போ போடறதுக்கு அது கோயில் உண்டியல் இல்லடா க்ளென்.”

அப்பா சாப்பாட்டைத் தொடவில்லை. அவள் வரட்டும், வரட்டும் என்றார். வியாழக்கிழமை மாலை கேரல் அவர் காதருகே குனிந்தாள்.

“நான் போய் லைசென்ஸ் கட்டிட்டு வந்துடறேன்.”

“போங்க சிஸ்டர். சீக்கிரம். போஸ்ட் ஆபீஸ் மூடிடுவான்.”

ரேடியோவின் சத்தத்தை அடியோடு குறைத்தாள். ஆணியில் தொங்கிய பழைய பையை எடுத்துக்கொண்டு வாசல் வழியாகப் போனாள். வீட்டோரச் சந்து வழியாகச் சுற்றிப் பின்பக்கக் கதவால் சமையலறைக்குள் வந்தாள். அங்கிருந்து அப்பாவின் தலையும் ரேடியோவும் மட்டும் தெரிந்தன.

“வணக்கம், நேயர்களே. இன்று வியாழக்கிழமை. உங்களுடன் கேரல் மைக்கேல்ராஜ்.”

தலையணையில் தலை அசைந்தது. காலியான நாற்காலியைப் பார்த்து அவர் விரலை உதட்டில் வைத்தார்.

அடுத்து ஒரு பாட்டு வர வேண்டும். பாட்டு இல்லை. இத்தனை வருஷத்தில் எழுதிவைத்துக்கொள்ளாமல் அவள் ஒரு வரி பேசியதில்லை.

“சிவாஜிநகரில் இன்று கொத்துமல்லி மலிவு” என்றாள். “மழை வரும்போல் இருக்கிறது. டொராண்டோவில் இருக்கும் க்ளென் அப்பாவை மிகவும் விசாரித்தார். மூத்த நேயர் மைக்கேல்ராஜ் சில நாட்களாகச் சாப்பிடவில்லை என்று தெரிகிறது. அவர் சாப்பிட வேண்டும் என்று... கேட்டுக்கொள்கிறோம்.” தொண்டை நிஜமாகவே அடைத்துக்கொண்டது. “இத்துடன் தமிழ் நிகழ்ச்சி நிறைவடைகிறது. விடைபெறுவது கேரல் மைக்கேல்ராஜ்.”

மறுபடி சந்து வழியாகச் சுற்றி வந்தாள். வாசலில் செருப்பைச் சத்தமாகக் கழற்றினாள்.

“வந்துட்டியா?”

“வந்துட்டேன் டாடி.”

“நடந்தா வந்தே? தொண்டை என்ன இப்படி? அந்த சிஸ்டர்கிட்ட பால் போடச் சொன்னேன். நல்ல பொம்பளைதான், ஆனா நான்தான் உங்க பொண்ணுன்னு அப்பப்போ சொல்லிக்குது.”

கேரல் சிரித்தாள். பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏதோ சொல்லணும்னீங்களாமே டாடி?”

“ஆமா.” அவர் அவள் முகத்தையே பார்த்தார். உதடு ஒரு சொல்லைத் தேடி அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. “ஏதோ இருந்துச்சு. உன்னைப் பாத்ததும் போயிடுச்சு. நாளைக்கு நீ முடிச்சுட்டு வந்ததும் சொல்றேன்.” கண்ணை மூடிக்கொண்டார். “நாளைக்கு டூட்டி போட்டிருக்காங்களா?”

“போட்டிருக்காங்க டாடி” என்றாள் கேரல். “இனிமே தினமும்.”