கவிழ்ந்த பானையும் என் மீசையும்

என் மேசை ஓரத்தில் ஒரு சிவப்புப் பானை வாய் கீழாகக் கவிழ்ந்திருக்கிறது. ஒரு சாண் உயரம்தான். பார்க்க வருகிறவர்கள் சும்மா போவதில்லை. "பானையைக் கவுத்து வெக்கக் கூடாதுங்க, ஊட்டுக்கு ஆகாது" என்று சொல்லி, என்னைக் கேட்காமலேயே நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வாசலைத் தாண்டியதும் நான் எழுந்து போய் மறுபடி கவிழ்க்கிறேன். ஒரு காலத்தில் நானும் அதையே சொன்னவன்தான். சும்மா சொல்லவில்லை, மீசையைப் பந்தயம் வைத்துச் சொன்னேன்.

கொல்லிமலையில் வளப்பூர் நாட்டுப் பள்ளி ஒன்றில் நான் வரலாறு நடத்திக்கொண்டிருந்தபோது அங்கே ஓவிய டீச்சர் ஒருவர் இருந்தார். என்னைப் போலவே கீழேயிருந்து வேலைக்கு வந்தவர். சனிக்கிழமை பஸ்ஸில் மலையிறங்கி, ஞாயிறு சர்ச்சுக்குப் போய்விட்டு, திங்கள் காலை மலையேறுவார். ஒல்லி உடம்பு, பிடிவாதம் மட்டும் ஆறு ஆளுக்கு இருக்கும். பள்ளியை ஒட்டிய தோட்டத்துக்காரர் மிளகுக்கொடி ஏற்ற மரம் நடுவதற்குக் குழி வெட்டியபோது, பலகைக்கல்லுக்கு அடியில் ஒரு பானை கிடைத்தது. உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. எழுத்து வருவதற்கு முந்திய காலத்துப் புதைகுழி அது. தகவல் சொன்னோம். தொல்லியல் ஆபீஸிலிருந்து வந்து துணியில் சுற்றி ஜீப்பில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். முறை அதுதான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தோட்டத்துக்காரர் முகம் வாடிவிட்டது. "ரெண்டே நாளுங்க டீச்சர் எங்கூட்டுல இருந்துது. புள்ளைங்க கண்ணாரப் பாக்கக்கூட இல்லீங்க" என்றார். டீச்சர் யோசிக்கவே இல்லை. "அதே மாதிரி ஒண்ணு நான் செஞ்சு தர்றேங்க. பள்ளிக்கூடத்துல இருக்கட்டும், எல்லாரும் தொட்டுப் பார்க்கட்டும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பானை சுட்டே அறியாதவர்! அடுத்த வாரமே அவருக்கு மாறுதல் ஆணை வந்தது. மாதக் கடைசிக்குள் மலையை விட்டு இறங்கியாக வேண்டும். கொடுத்த வாக்கு நிறைவேறாமல் மலை மேலேயே நின்றுவிடுமோ என்ற பயம் அவர் நடையிலேயே தெரிந்தது.

பானை தோட்டத்து வீட்டில் இருந்த அந்த இரண்டு நாளில் டீச்சர் அதை அளந்து, வரைந்து, போட்டோவும் எடுத்து வைத்திருந்தார். ஓடைக்கரைக் களிமண்ணைத் திரித்துத் திரித்து அடுக்கிக் கையாலேயே பானை வனைந்தார். பாதி காய்ந்ததும் கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்கினார். பள்ளிக்குப் பின்னால் குழி வெட்டி, உமியும் வறட்டியும் அடுக்கிச் சுட்டோம். முதல் பானை வெடித்தது. இரண்டாவது முழுசாக வந்தது, ஆனால் உள்ளும் புறமும் ஒரே சிவப்பு. இரண்டு தடவையும் வாய் மேலே பார்க்கத்தான் வைத்தோம். பானையைக் கவிழ்க்கக் கூடாது என்று அப்படி வைக்கச் சொன்னவனும் நான்தான். "உள்ள கருப்புப் பெயின்ட் அடிச்சு விடுங்க டீச்சர், யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். "பெயின்ட் அடிச்சா அது பொம்மை சார்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று மத்தியானம் முழுக்க போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று எழுந்து வந்தார். போட்டோவில் உள்பக்கம் மட்டுமல்ல, வாய் விளிம்பின் வெளிப்பக்கமும் கருப்பாக இருந்தது. அந்தக் கருப்பு வளைந்து நெளிந்து சிவப்பில் முடிந்தது. "இது உமிக்குள்ள மூஞ்சி பொதைஞ்சு வெந்த பானை சார். கவுத்து வெச்சுத்தான் சுட்டிருக்காங்க. காத்துப் படாத எடமெல்லாம் கருத்துப்போச்சு." கருப்பு சிவப்புப் பானை என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டவன் நான். அது எப்படி இரு நிறமானது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. அந்த வெட்கத்தில் வீம்புதான் வந்தது. "கவுத்து வெச்சுக் கருப்பு வந்துச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்!" என்றேன்.

தோட்டத்துக்காரரோ பதறிப்போனார். "சாவு ஊட்டுலதானுங்க பானையைக் கவுப்பாங்க. வேண்டாமுங்க டீச்சர்." அவர் மனம் ஒப்பாமல் செய்ய டீச்சருக்கும் விருப்பமில்லை, அவருக்காகத்தானே இந்தப் பாடெல்லாம். டீச்சர் உமி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். தோட்டத்துக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். "ஏனுங்க சார், அந்தப் பானை பொதைகுழியில இருந்து வந்ததுதானுங்களே?" ஆமாம் என்றேன். "அட, அப்ப அதுவே சாவு ஊட்டுப் பானைதானுங்க! கவுத்தா என்னங்க தப்பு? கவுக்காததுதான் தப்பு!"

வரலாற்று வாத்தியாருக்கு உறைக்காதது அவருக்கு உறைத்தது. சனிக்கிழமை காலை அவர் கையாலேயே மூன்றாவது பானையை உமிக்குள் கவிழ்த்து வைத்தார். டீச்சர் அந்த ஞாயிறு சர்ச்சுக்கு இறங்கவில்லை. விடிந்ததும் சாம்பலை விலக்கிப் பானையைத் தூக்கினார். வெளியே செக்கச்செவேல் என்று இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் மைக்கருப்பு! விளிம்பில் அதே நெளிவு. தோட்டத்துக்காரர் நம்பாமல் வெள்ளைத் துண்டை உள்ளே விட்டு அழுத்தித் துடைத்தார். சாம்பல் வந்தது, கருப்பு வரவில்லை. "ஒட்டலீங்க டீச்சர்! துண்டப் பாருங்க!" என்று அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் ஓடி வந்தார்கள். டீச்சர் கரி அப்பிய முகத்தோடு சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். நான் தோற்றதை மறந்து கைதட்டிக்கொண்டிருந்தேன். அவர் மறக்கவில்லை. "சார், மீசை?" என்றார்.

தோட்டத்துக்காரர் வீட்டுக் கண்ணாடி முன்னால்தான் எடுத்தேன். அந்த வாரமே டீச்சர் இறங்கிப்போனார். பானை பள்ளியில் இருக்கிறது. போன மாதம் போய்ப் பார்த்தேன். பிள்ளைகள் உள்ளே கையை விட்டுப் பார்த்துப் பார்த்து விளிம்பு பளபளத்துக் கிடக்கிறது. நான் நிமிர்த்தி வைக்கச் சொல்லிக் கெடுத்த இரண்டாவது பானையைக் கேட்டு வாங்கி வந்தேன். அதுதான் என் மேசையில் இருப்பது. மீசை மறுபடி வளர்ந்து நரைத்தும்விட்டது. நேற்று வந்த ஒருவரும் பானையை நிமிர்த்தினார். "ஊட்டுக்கு ஆகாதுங்க" என்றார்.

"எங்களுக்கு ஆச்சுங்க" என்று சொல்லி, அவர் கண்முன்னாலேயே கவிழ்த்து வைத்தேன்.