பிரெபனுக்கு வந்த நல்ல ரிசல்ட்

மேற்கு யூட்லாந்தில் செப்டிக் டேங்க் லாரி ஓட்டிய பிரெபனுக்கு அருவருப்பு என்றால் என்னவென்றே தெரியாது என்றுதான் ஊர் நினைத்தது. காலமெல்லாம் ஊரார் கழிவை உறிஞ்சி எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வண்டியிலேயே மதியச் சாப்பாட்டை முடிக்கிற மனுஷன். அப்படிப்பட்டவனுக்குத் தன்னுடையதைத் தொட மட்டும் கூச்சம் வந்துவிட்டது.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அரசாங்கம் தபாலில் ஒரு சின்னக் குழாய் அனுப்பும். காலையில் போவதில் குச்சியால் கொஞ்சம் தொட்டு, குழாயில் போட்டு மூடி, திருப்பி அனுப்ப வேண்டும். குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். செலவும் இல்லை, வலியும் இல்லை. மனைவி கெர்டா தன்னுடையதை உடனே அனுப்பிவிட்டாள். அவள் அப்பா குடல் புற்றுநோயில் போனவர். பிரெபனுடைய குழாய் குளியலறை அலமாரியில் கிடந்தது. அனுப்பினாயா, அனுப்பினாயா என்று அவள் சாப்பிடும்போதும் கேட்டாள், படுக்கும்போதும் கேட்டாள். நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் அவன் நாயை நடக்கக் கூட்டிப் போகும்போது குழாயையும் பையில் போட்டுக்கொண்டு போனான். நாய் வேலியோரம் குந்தியது. மிச்சத்தை நான் வேறு சொல்ல வேண்டுமா?

லாரி ஷெட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துப் பிரெபனுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொஞ்ச நாளில் ரிசல்ட் வந்தது, ரத்தம் இல்லை என்று. கெர்டா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆப்பிள் கேக் செய்து அவன் நண்பர்களையெல்லாம் அழைத்தாள். அத்தனை பேரும் வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கேக்கைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருஷம் கழிப்பறையில் சிவப்பைப் பார்த்தான். கறுப்பு ரொட்டியில் அரைத்த ஈரலைத் தடவி, மேலே ஊறவைத்த பீட்ரூட்டை அடுக்கித் தினமும் தின்கிற ஊர் அது. சிவப்பு என்றால் பீட்ரூட் என்றுதான் யாருக்கும் தோன்றும். பீட்ரூட்டை நிறுத்திப் பார்த்தான். சிவப்பு நிற்கவில்லை. பயந்துபோய்க் கெர்டாவிடம் வந்து, டாக்டரைப் பார்க்கலாம் என்று இருக்கிறேன் என்றான். அவன் எடுத்த ஒரே நல்ல முடிவு அது.

"உனக்கு என்ன பைத்தியமா? உனக்குத்தான் ஒண்ணுமில்லன்னு வந்திருச்சே. நாள் பூரா வண்டியில உக்காந்திருந்தா மூலம் வராதா?" என்றாள் கெர்டா.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கக் கூடாதா? திறந்தால் நாய் விஷயம் வெளியே வரும். அவள் அப்பாவின் சாவை வைத்துச் சிரித்த மாதிரி ஆகிவிடும். பாவி மனுஷன், சரி என்று தலையாட்டிவிட்டு மூலத்துக்குக் களிம்பு வாங்கி வந்தான். அவனுக்குக் குளிர் தாங்காமல் போனது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு பண்ணை வீட்டு வாசலில், கழிவை உறிஞ்சும் லாரிக் குழாயைக் கையில் பிடித்தபடியே சரிந்து விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது குடலில் தொடங்கியது ஈரலுக்குப் போயிருந்தது. அறுவை செய்து பயனில்லை, மருந்தால் சில மாதம் தள்ளிப்போடலாம் என்றார் டாக்டர். கெர்டா அழவில்லை. பரிசோதனைக் கூடத்தின் மேல் பாய்ந்தாள். அந்தப் பரிசோதனை சிலசமயம் தவறவிடும், அதனால்தான் ரத்தம் கண்டால் உடனே வரச் சொல்கிறோம் என்று டாக்டர் எடுத்துச் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. அங்கே தூங்கி வழிந்தது யாரென்று கண்டுபிடித்து, வேலையைவிட்டுத் துரத்தாமல் விடமாட்டேன் என்று வக்கீலைப் பார்க்கக் கிளம்பினாள். அந்தக் கோபம்தான் அவளை நிற்க வைத்திருந்தது. பிரெபனுக்கு அது தெரியும். பேசாமல் இருந்தால் அவள் அதைப் பிடித்துக்கொண்டே மிச்ச நாளைக் கடத்திவிடுவாள். ஆனால் முகம் தெரியாத யாரோ ஒருவரின் பிழைப்பு போகும். இரண்டு நாள் புரண்டு புரண்டு படுத்தான். மூன்றாம் நாள், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் திட்டவில்லை.

"டாக்டர்கிட்ட போறேன்னு அன்னிக்கு நீயேதான் வந்து சொன்னே," என்றாள். "நான்தானே வேணாம்னு தடுத்தேன்."

"உனக்கு எதுவும் தெரியாதே, கெர்டா."

"இப்போ தெரிஞ்சிருச்சே. நீ போயிடுவே. நான் இதை வச்சிக்கிட்டு என்ன பண்ணுவேன்? சொல்லாமலே செத்திருக்கலாம் நீ."