ஒண்ணுமில்லாத மதிவதனி

செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் பக்கம், 'நான்' என்பதைத் தொலைப்பதற்காக ஜனங்கள் விமானம் ஏறி வருகிறார்கள். அறை எடுத்து, மாதக்கணக்கில் கண்ணை மூடி உட்கார்ந்து பார்க்கிறார்கள். சிலருக்குத் தொலைகிறது. பலருக்குச் செருப்பு மட்டும் தொலைகிறது. மதிவதனி கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். அவளுக்கு அது முன்னாலேயே தொலைந்திருந்தது.

பி.எஸ்சி. கணக்கு படித்தவள். ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தாள். ஒருநாள் கரும்பலகையில் ஒரு கழித்தல் தப்பாகப் போனது. பிள்ளைகளுக்கு முன்னாலேயே தாளாளர், "நீயெல்லாம் ஒரு டீச்சரா?" என்றார். கேள்விதான். மதிவதனி அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வேலையை விட்டாள். அண்ணன் வீட்டில், சிலிண்டர் என்றைக்கு வந்தது என்ற பேச்சு வந்தால்கூட, "கணக்கு டீச்சரை மட்டும் கேக்காதீங்க" என்று சிரித்தார்கள்.

அப்புறம்தான் செங்கம் ரோடு காபிக் கடையில் மேசை துடைக்கும் வேலை. அங்கே தினமும் வருகிறவர் கைலாஷ். சென்னையில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு ஞானம் தேடி வந்தவர்.

"உங்களை முன்னாடி பார்த்ததில்லையே, நீங்க யாரு?" என்றார்.

"நான் ஒண்ணுமில்லைங்க."

கைலாஷ் டம்ளரைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத் தியானத்தில் அவருக்கு வராத வாக்கியம், கையில் ஈரத்துணியோடு எதிரே நிற்கிறது! கைகூப்பினார். பக்கத்து மேசை வெள்ளைக்காரர்களுக்கு மொழிபெயர்த்தார். அவர்களும் கூப்பினார்கள்.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. அவள் சாப்பிடவில்லை என்றால் விரதம். தூங்கவில்லை என்றால் விழிப்பு நிலை. பேசாதது மௌனம். கப் கழுவும்போது கண்ணீர் வந்தால் ஆனந்தம். அவளைவிட மூத்த கைலாஷ் அவளை 'அம்மா' என்றார். முதலாளி இளஞ்செழியன் ஜன்னலோரம் மெத்தை வைத்த நாற்காலி போட்டார். "மத்தியானத்துல சும்மா உக்காரும்மா, கூட்டம் நல்லா வருது." உட்கார்ந்தாள். மாட்டேன் என்று சொல்ல உள்ளே ஓர் ஆள் வேண்டுமே.

சமையல்கட்டில் இருந்த வள்ளிக்கு ஆன்மிகம் வராது, தோசை வரும். தான் ஆசையாகச் சுட்டுக் கொடுத்த தோசை நாய்க்குப் போவதைப் பார்த்துவிட்டு, மதிவதனியைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லைக்கா."

"இத அங்க போய்ச் சொல்லு, கும்புடுவாங்க. எங்கிட்ட சொல்லாத."

மதிவதனி கையிலிருந்த ஈரத்துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "காலைல ஏன் எழுந்தோம்னு இருக்குதுக்கா. நான் இல்லன்னா எல்லாருக்கும் நல்லதுன்னு தோணுது."

வள்ளி அடுப்பை அணைத்தாள். மசால் தோசைக்கு ஆள் காத்திருந்தது, காத்திருக்கட்டும். "அண்ணா, உங்க சாமிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறேன்."

"அவங்களுக்கு இன்னா? நிம்மதியாதானே இருக்காங்க?" என்றார் இளஞ்செழியன்.

"செத்தவங்ககூட நிம்மதியாத்தான் இருப்பாங்க."

அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் டாக்டர் நந்தினி, வாசல்வரை வரிசை நின்றும் அவசரப்படாமல் கேட்டார்: "ஒண்ணுமில்லைன்னு சொல்றீங்களே, இதை மொதல்ல யாரு சொன்னாங்க?"

மதிவதனி யோசித்தாள். அது தன் குரல் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள். உற்றுக் கேட்டால் தாளாளர் குரல்.

"மனச்சோர்வு" என்றார் டாக்டர். "நம்மைப் பத்தி மட்டமா நினைக்க நினைக்க மனசு நோகும். நோய் வந்துட்டா இன்னும் மட்டமா நினைக்கத் தோணும். மாத்திரை தரேன். வாராவாரம் வந்து பேசவும் செய்யணும்."

உடனே ஒன்றும் மாறிவிடவில்லை. மாத்திரையை நடுவில் விட்டாள், வள்ளி திட்டி மறுபடி போடவைத்தாள். ஒருநாள் பஸ்ஸில் தன் காலை மிதித்தவனைப் பார்த்து, "கண்ணு தெரியலையா?" என்றாள். கேள்விப்பட்டதும் வள்ளி நெய் தோசை ஊற்றினாள். அடுத்த வாரமே, "சட்னில உப்பு ஜாஸ்திக்கா" என்றாள். வள்ளிக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது. கோபத்தை மட்டும் காட்டினாள்.

பிறகொரு மத்தியானம் மதிவதனி அந்த மெத்தை நாற்காலியைத் தூக்கிப் போய் ஸ்டோர் ரூமில் வைத்தாள். "அண்ணா, நான் கல்லாவுல உக்காரட்டுமா? கணக்கு எனக்கு வரும்."

"அகங்காரம் திரும்பி வந்துடுச்சு" என்று வருத்தப்பட்டுக்கொண்டே பக்தர்கள் எதிர்க்கடைக்கு மாறினார்கள். இளஞ்செழியன் தலையில் கைவைத்தார். "பழையபடி கொஞ்சம் ஒண்ணுமில்லாம இருக்க முடியாதாம்மா?"

"முடியாதுண்ணா."

கைலாஷ் மட்டும் போகவில்லை. கல்லா பக்கம் வந்தார், சுற்றும்முற்றும் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "அம்மா... இல்ல, மதிவதனி. எனக்கும் ரொம்ப நாளாத் தூக்கமில்ல. எதுலயும் பிடிப்பில்ல. ஞானம் வருதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். அந்த டாக்டர் எந்தக் கிழமை இருப்பாங்க?"

"நாளைக்கு இருப்பாங்க சார். கூட்டம் ஜாஸ்தி, காலையிலேயே போயிடணும். நானும் கூட வரேங்க."

முதலாளி பக்கம் திரும்பினாள். "அண்ணா, நாளைக்கு நான் லேட்டா வருவேன்."

ஏன் என்று கேட்க இளஞ்செழியன் வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். "சரிம்மா" என்றார்.