மூன்று என்றால் மூன்று நூல்

பெயர்: முகம்மது மர்சூக். பிறப்பு: 1981, அலவத்துகொட. தொழில்: வாகன டிங்கர் வேலை (நசுங்கிய, துருப்பிடித்த தகடுகளைச் சீராக்குதல்). மனைவி: ஸனா. கராஜ் தொடங்கிய ஆண்டு: 2009.

பதினைந்து ஆண்டுகளாகக் கராஜுக்கு வந்தவை பெரும்பாலும் இடிபட்ட முச்சக்கரவண்டிகளே. 2024 பெப்ரவரியில்தான் கண்டியிலிருந்து ஒரு பழைய மொரிஸ் மைனர் வந்தது. முழுமையாகப் புதுப்பிக்க அவருக்குக் கிடைத்த முதல் கார். மார்ச் 16, சனிக்கிழமைக்குள் துருப்பிடித்த தரைத்தகட்டை மாற்றாவிட்டால் காரை வேறிடம் கொண்டுபோவதாக உரிமையாளர் சொல்லியிருந்தார்.

அத்தகட்டில் நீளவாக்கில் புடைப்பு வரிகள் உண்டு. அவை இல்லாவிடில் தகடு காலடியில் அதிரும். இரு உருளைகளுக்கிடையே தகட்டை ஓட்டி வரி எழுப்பும் கைச்சுற்று இயந்திரம் ஒன்று மர்சூக்கிடம் இருந்தது. அழுத்தம் கூடினால் அதன் மேற்கை அண்ணாந்துவிடும். வரி பாதியில் மெலியும். அவர் அதன் முதுகில் கோண இரும்பைப் பற்றவைத்தார். வரி கோணியதற்குத் தன் மீது பழி விழவே, கைப்பிடி சுற்றிய ஸனா விலகிக்கொண்டார். உடனே மர்சூக் பழைய லொறியொன்றின் வைப்பர் மோட்டாரைப் பொருத்தி, காலால் மிதித்தால் சுழலும்படி செய்தார். மொரிஸின் வரிக்கேற்ற உருளைகள் மட்டுமே குறை.

திகனையில் லேத் கடை வைத்திருக்கும் காளிமுத்துவிடம் தொலைபேசியில் "அகலம் மூணு" என்றார். டிங்கர்காரருக்கு அது மூன்று நூல். நூல் என்பது அங்குலத்தில் எட்டிலொன்று. மூன்று நூல் ஏறக்குறைய ஒன்பதரை மில்லிமீட்டர். வியாழக்கிழமை கைக்கு வந்தவை மூன்று மில்லிமீட்டர் உருளைகள். அவை தகட்டைப் புடைக்கவில்லை, கிழித்தன.

மர்சூக் நேரே திகனைக்குப் போனார்.

"மூணுன்னா மூணு நூல்தானே. இது தெரியாதா?"

"நீங்க நூலுன்னே சொல்லலியே, மர்சூக் நானா. நூல் வேணும்னா தையல் கடையில கேளுங்க. நம்ம லேத்துல மில்லிமீட்டர்தான்."

"நோன்போட ஈக்கிறேன் காளிமுத்து. வாயக் கெளறாதீங்க."

மெலிந்த உருளையைப் பருக்க வைக்க வழியில்லை என்றும், புதிய உருக்குத் தண்டு திங்கட்கிழமைதான் வரும் என்றும் காளிமுத்து தெரிவித்தார்.

சனிக்கிழமை மர்சூக் இயந்திரத்தை இயக்கிக் காட்டித் தவணை கேட்டார். உரிமையாளரின் பார்வை கிழிந்த தகட்டைவிட்டு நகரவில்லை. மொரிஸைக் கயிறு கட்டி இழுத்துச் சென்றார்கள்.

"நான் கைப்பிடிய சுத்தக்குள்ள கோணினது மட்டும்தான்," என்றார் ஸனா. "கிழியல்ல."

செவ்வாய்க்கிழமை உருளைகள் வந்து சேர்ந்தன. மர்சூக் முச்சக்கரவண்டி ஒன்றின் மட்கார்டைக் கீழே வைத்துவிட்டு, மொரிஸுக்கென வெட்டிய தகட்டை ஓட்டினார். வரி நேராக, முனைவரை ஒரே ஆழத்தில் விழுந்தது. அகலம்: 9.5 மில்லிமீட்டர்.